மூடிய அறையும் மூச்சுக் காற்றும்



நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 வீதம் ஒட்சிசன் உள்ளது. அது 10 வீதத்திற்கும் கீழே குறையுமாயின் மனிதன் நினைவிழக்கிறான். 6 வீதத்தில் சில நிமிடங்களிலேயே உயிர் பிரிகிறது.

ஆயினும், காற்றில் ஒட்சிசன் குறையாத போதும் உடல் அதனை இழக்கக்கூடும். கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டுச் சிரட்டைக் கரித் தணலில் சாம்பிராணி புகைக்கும்போதும், மின்வெட்டு வேளையில் வீட்டினுள் மின்பிறப்பாக்கியை இயக்கும்போதும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு அறையில் சேர்கிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலிமையோடு பிணைந்து, ஒட்சிசனுக்குரிய இடத்தைப் பறித்துக்கொள்கிறது.

தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு ஆகியன இதன் அறிகுறிகள். இவற்றை வெறும் களைப்பென எண்ணி உறங்கச் செல்வோர் மீண்டும் விழிக்காமலே போய்விடலாம். வீட்டிலுள்ள பலருக்கு ஒரே வேளையில் இவை தோன்றினால், அனைவரும் உடனே வெளியேறி வைத்தியசாலையை நாடுங்கள்.

மழைக்காலக் குளிருக்கு அஞ்சி, குழந்தை உறங்கும் அறையில் தணற்சட்டியை விட்டு வைக்காதீர்கள். சாம்பிராணி புகைத்ததும் தணலை வெளியே எடுத்து, ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். மின்பிறப்பாக்கி வீட்டுக்கு வெளியே, ஜன்னல்களுக்குத் தொலைவில் இருக்கட்டும்.

கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதனால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.