திண்டுக்கல் வட்டாரத்தில் பெண் தலைமைக் குடும்பங்களும் பொருளாதார உரிமைகளும்

பெண் தலைமைக் குடும்பம் என்பது வருமானம், செலவு, கடன், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கான முதன்மைப் பொறுப்பை ஒரு பெண் ஏற்று நடத்தும் குடும்பமாகும். வளரும் நாடுகளின் ஊரகப் பகுதிகளில் இத்தகைய குடும்பங்கள் பரவலாக உள்ளன. குடும்ப அட்டையில் தலைவி என்று பெயர் இருப்பதும், நிலத்தின் பட்டாவில் உரிமையாளர் என்று பெயர் இருப்பதும் வேறுவேறானவை. முதலாவது அவருக்கு அரசு உதவியைப் பெற்றுத் தரலாம். இரண்டாவதே கடன் வாங்கவும், பயிரிடவும், வீட்டைவிட்டு வெளியேற்றப்படாமல் வாழவும் துணை நிற்கிறது. இக்கட்டுரை திண்டுக்கல் நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறது.

வகைகள்

இக்குடும்பங்கள் பொதுவாக இரு வகைப்படும். கைம்பெண்கள், மணமுறிவு பெற்றவர்கள், திருமணமாகாத பெண்கள் ஆகியோர் நடத்தும் குடும்பங்கள் முதல் வகை. கணவர் உயிருடன் இருந்தும் வெளியூரில் வேலை பார்ப்பதாலோ, நோயாலோ, குடிப்பழக்கத்தாலோ, பிரிந்து சென்றதாலோ மனைவி பொறுப்பேற்கும் குடும்பங்கள் இரண்டாம் வகை. கணக்கெடுப்பின்போது குடும்பத்தார் யாரைத் தலைவர் என்று சொல்கிறார்களோ அவரே பதிவு செய்யப்படுகிறார். ஆகவே இரண்டாம் வகைக் குடும்பங்கள் பல கணக்கில் வருவதில்லை.

2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பின்படி இந்திய ஊரகக் குடும்பங்களில் சுமார் 13 விழுக்காடு பெண் தலைமைக் குடும்பங்கள். 16 முதல் 59 வயது வரையுள்ள ஆண் எவரும் இல்லாத பெண் தலைமைக் குடும்பம் என்பது, அக்கணக்கெடுப்பு வறுமையைக் கண்டறியப் பயன்படுத்திய ஏழு அளவுகோல்களில் ஒன்று.

திண்டுக்கல் சமவெளியின் வாழ்வாதாரம்

திண்டுக்கல் மாவட்டம் 1985-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கொடைக்கானல் மலைக்குக் கீழே நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நத்தம் ஆகிய பகுதிகளில் மழையையும் கிணற்றையும் நம்பிய புஞ்சை நிலம் மிகுதி. நிலக்கோட்டைப் பகுதியில் பூ பறித்தல், ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் செல்லும் காய்கறிகளின் சாகுபடியில் களையெடுப்பும் பறிப்பும், நூற்பாலை வேலை, சின்னாளபட்டியின் நெசவும் சுங்குடிச் சேலைத் தொழிலும் பெண்கள் ஈடுபடும் வேலைகளாகும்.

இவற்றில் பெரும்பாலானவை நாட்கூலியாகவோ, எடைக்கும் எண்ணிக்கைக்கும் ஏற்ற கூலியாகவோ கிடைப்பவை. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அன்றைய வருமானம் இல்லை. பூப்பறிப்பு விடியும் முன்பே தொடங்கிவிடும். வீட்டில் வேறு பெரியவர் இல்லாத தாய், குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது என்பதைப் பொறுத்தே வேலைக்குப் போக முடிகிறது.

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் ஆறு மாவட்டங்களில் முதலில் நடைமுறைக்கு வந்தது. அவற்றுள் திண்டுக்கல்லும் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, ஊருக்கு அருகிலேயே வேலை என்ற இரண்டும் தனித்து வாழும் பெண்களுக்குப் பயனளித்தன. தமிழ்நாட்டில் இத்திட்டத்தில் வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்களே.

சொத்துரிமைச் சட்டங்கள்

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி உயில் எழுதாமல் இறந்த ஆணின் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் சம உரிமையுள்ள முதல்நிலை வாரிசுகள். எடுத்துக்காட்டாக, ஒருவர் தாமே வாங்கிய 2 ஏக்கர் நிலத்தை விட்டு இறக்கிறார். அவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள், தாய் உள்ளனர் எனில் ஒவ்வொருவருக்கும் அரை ஏக்கர் சேரும். மனைவி பின்னர் மறுமணம் செய்துகொண்டாலும் அவருக்கு ஏற்கெனவே சேர்ந்த பங்கை இழப்பதில்லை.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டு என்ற திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்தது. ஆனால் 25.03.1989-க்கு முன் திருமணமான மகள்களுக்கு அது பொருந்தவில்லை. 09.09.2005 முதல் நடைமுறைக்கு வந்த நடுவண் அரசின் திருத்தம் இந்த வேறுபாட்டை நீக்கியது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் வினிதா சர்மா வழக்கில் தெளிவுபடுத்தியது. கிறித்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-உம், இசுலாமியர்களுக்கு அவர்களின் தனிச்சட்டமும் பொருந்தும். அவற்றிலும் கைம்பெண்ணுக்கும் மகளுக்கும் பங்கு உண்டு. பங்கின் அளவு மட்டும் வேறுபடும்.

கணவரால் கைவிடப்பட்ட பெண்ணின் நிலை இன்னும் சிக்கலானது. கணவர் உயிருடன் இருக்கும்வரை அவருடைய நிலத்தில் மனைவிக்கு வாரிசுப் பங்கு எழாது. குடும்ப நீதிமன்றத்தில் அல்லது குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் பராமரிப்புத் தொகை கேட்கலாம். குடும்ப வன்முறைச் சட்டம், 2005-இன்படி, வன்முறைக்கு உள்ளான பெண் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையைக் கோரலாம்.

சட்டத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளி

சட்டம் தரும் பங்கு தானாகக் கைக்கு வருவதில்லை. இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், அதன்பின் பட்டா மாறுதல் என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். நிலம் கணவரின் சகோதரர்களோடு சேர்ந்த கூட்டுப் பட்டாவில் இருந்தால், பங்காளிகளின் ஒப்புதலோ நீதிமன்றத் தீர்ப்போ இன்றிப் பிரிக்க இயலாது. பிறந்த வீட்டிலோ, சீர் செய்ததையே பங்காகக் கருதி, சகோதரர்களுக்காக மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இருக்கிறது. கணவரை இழந்து அவர் திரும்பி வரும்போது அங்கும் அவருக்கு நிலம் இருப்பதில்லை.

பட்டாவில் பெயர் இல்லாவிட்டால், நிலத்தில் உழைப்பவர் அவரேயானாலும் ஆவணப்படி உழவர் அல்லர். நிலத்தின் பேரில் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பெறவும், ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதமரின் உழவர் நிதியைப் பெறவும் நில ஆவணம் தேவை. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் நடத்தும் நிலக் கைப்பற்றுகள் சுமார் 14 விழுக்காடு மட்டுமே.

அரசு உதவிகள்

தமிழ்நாட்டில் ஆதரவற்ற கைம்பெண் ஓய்வூதியம் 1975 முதல் வழங்கப்படுகிறது. 2023-இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்துக்கு மணமுறிவு, நீதிமன்றச் சான்று, அல்லது குறைந்தது 5 ஆண்டுகள் கைவிடப்பட்ட நிலை ஆகியவற்றில் ஒன்றைக் காட்ட வேண்டும். நேற்று தனித்து விடப்பட்டவருக்கு இது உடனே உதவாது.

15.09.2023-இல் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம், தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. கைம்பெண்களும், தனித்து வாழும் திருமணமாகாத பெண்களும் இதில் குடும்பத் தலைவியராகக் கருதப்படுகின்றனர். 01.04.2025 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைக்கப்படுகிறது. முன்னது வருமானத்தையும் பின்னது உடைமையையும் கருதுபவை.

முன்னோடிகள்

இளம் வயதில் கணவரை இழந்து, பின் மருத்துவம் பயின்ற சௌந்தரம், தம் கணவர் கோ. இராமச்சந்திரனுடன் இணைந்து 1947-இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினார். அவரது ஆதரவில் படித்தவர்களுள் ஒருவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் அய்யன்கோட்டையில் 1926-இல் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். வயிற்றில் பிள்ளையோடும் தாய் நாகம்மாள் கூலிக்கு உழைத்ததைக் கண்டு வளர்ந்தார்.

1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபின், கிருஷ்ணம்மாளும் அவர் கணவரும் கீழத்தஞ்சையில் பணியைத் தொடங்கினர். 1981-இல் அவர்கள் நிறுவிய ‘லாஃப்டி’ இயக்கம், நில உடைமையாளர்களுடன் பேசி விலைக்கு வாங்கிய நிலத்தைக் குடும்பத்துக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்தது. இவ்வாறு சுமார் 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. இப்பணிக்காக 2008-இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் வாழ்வுரிமை விருது இருவருக்கும் வழங்கப்பட்டது.

குடும்பத்தில் ஆண் இருந்தபோதும் பத்திரத்தைப் பெண் பெயரில் எழுதியதே இம்முயற்சியின் சிறப்பு. கணவர் இறந்தாலும் பிரிந்தாலும் அப்பெண் பங்குக்காகப் பங்காளிகளை எதிர்பார்க்க வேண்டியதில்லை. குடும்பப் பொறுப்பு தம்மீது விழும் நாளில் நிலம் ஏற்கெனவே அவர் பெயரில் இருக்கும்.