தகரம் உருண்டா மரகதம்!

'அப்பா திட்டியதற்குள் ஐம்பது சதவிகிதம் (2)'

மக்களே, இது என் செமஸ்டர் ரிசல்ட் இல்ல. ஞாயிற்றுக்கிழமை குறுக்கெழுத்துப் புதிரில் வந்த குறிப்பு. அந்த 2, விடையில் எத்தனை எழுத்துன்னு சொல்லுது. ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர், ஒரு பேப்பர், ஒரு பென்சில். டீ ஆறிப்போச்சு, விடை மட்டும் வரல.

'ராவணனின் மனைவி யார்?' டைப் புதிருக்குப் பொது அறிவு போதும். இது வேற ரகம். குறிப்பில் ஒரு பகுதி விடையோட அர்த்தம். மிச்சம், விடையைக் கட்டுற வழி. எது எதுன்னு பிரிக்கிறதுதான் ஆட்டமே!

சாம்பிள் பாருங்க. 'கழுத்தில் விழும் பொழுது (2)': மாலை. 'தலை போன கவிதை முளைக்கும் (2)': கவிதைக்குத் தலை 'க'. அது போனா விதை! 'மயிலின் தலையோடு தகரம் உருண்டால் பச்சைக்கல் (5)': மயிலின் தலை 'ம'. தகரத்தை உருட்டினா 'ரகதம்'. சேர்த்துப் படிங்க, மரகதம்! பன்னிரண்டு வருஷம் தமிழ் படிச்சும் தகரத்துக்குள்ள மரகதம் இருந்தது எனக்குத் தெரியாது பாஸ்.

இந்தக் கட்ட விளையாட்டு பிறந்தது 1913 டிசம்பர் 21-ல். 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் போட்டார். 1942 ஜனவரியில் லண்டனின் 'டெய்லி டெலிகிராப்', புதிரை 12 நிமிடத்தில் முடிக்கணும்னு போட்டி வைத்தது. கலந்துகொண்டவர்களில் சிலருக்கு, உலகப் போரில் எதிரியின் சங்கேதங்களை உடைக்கிற வேலைக்கு அழைப்பு போனது. அந்தக் காலத்து கேம்பஸ் இன்டர்வியூ!

தமிழில் இன்னொரு சுகம். 'கா', 'கி', 'கூ' எல்லாம் தனித்தனிக் கட்டம். அதனால குறுக்கே போகிற சொல் ஒரு எழுத்து கொடுத்தாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி. புதிர் போடுறவருக்குத்தான் கஷ்டம்!

அப்பா மேட்டருக்கு வர்றேன். ரெண்டு அரியர் வெச்சதுல இருந்து அவர் என்கிட்ட சரியா பேசல. வீட்டுக்கு போன் போட்டா அம்மாகிட்ட கொடுத்துடுவார். அன்னிக்கு அவர் எடுத்ததும், 'ஹலோ'கூட சொல்லாம குறிப்பைப் படிச்சேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ரெண்டு வார்த்தையையும் இடைவெளி விடாம எழுதிப் பார்" என்றார்.

எழுதினேன். அப்-பாதி-ட்டியதற்குள். பாதி!

"இதுக்கா இவ்ளோ நேரம்? சரி, அடுத்ததைப் படி" என்றார். நாற்பது நிமிஷம் பேசினோம். அரியர் பேச்சே வரல.

நீங்களும் முயற்சி பண்ணுங்க. பென்சில் எடுங்க, சின்ன சொல்லில் ஆரம்பிங்க. மொபைலில் விடை தேடாதீங்க, தேடினா அந்த 'அட!' கிடைக்காது. மாட்டிக்கிட்டா வீட்டுக்கு ஒரு கால் அடிங்க.

போறதுக்கு முன்னால உங்களுக்கு ஒண்ணு: 'இடை தொலைத்த காதல், கொலுசு இருக்கும் இடம் (2)'.

விடை? சொல்ல மாட்டேனே!