லயன் விளக்குகள் மலையைக் காட்டும். விண்மீன் மண்டலங்கள் எதைக் காட்டும்?

இருட்டிய பின் ஹட்டனில் ஒரு மேட்டில் நின்று எதிர்மலையைப் பாருங்கள். மலை தெரியாது, தேயிலைத் தோட்ட லயன் வீடுகளின் விளக்குகள் மட்டும் வரிசையாக, கொத்தாகத் தெரியும். ஆனாலும் பாதை எது, பள்ளம் எது என்று ஊகித்துவிடுவீர்கள், இல்லையா?

பேரண்டத்திலும் அப்படித்தான். விண்மீன் மண்டலங்கள் இழை இழையாகக் கூடி, இடையே பெரும் வெறுமையை விட்டிருக்கின்றன. அவற்றை இழுத்துச் சேர்ப்பதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இருள்பொருளுக்கு. விளக்குகளுக்குப் பின்னால் இருக்கும் மலை அதுதான்.

இந்தக் கொத்துகளில் ஓர் அளவுகோலும் ஒளிந்திருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கல் எறிந்தால் அலை வட்டமாக விரியும். அந்த நொடியே நீர் உறைந்தால்? வட்டம் அப்படியே நிற்கும்.

பேரண்டத்திலும் இப்படி ஒன்று நடந்தது. பிறந்து சுமார் 380,000 ஆண்டுகள் வரை அது கொதிக்கும் கூழாக இருந்தது. அதில் ஒலியலைகள் ஓடின. கூழ் ஆறியதும் அவை நின்றுவிட்டன. அந்த வட்டங்களின் ஓரத்தில் மண்டலங்கள் சற்று அதிகமாக உருவாயின. வட்டத்தின் மையத்துக்கும் ஓரத்துக்கும் உள்ள இடைவெளி இன்று சுமார் 50 கோடி ஒளியாண்டு. 2005இல் வானியலாளர்கள் அதைக் கண்டறிந்தார்கள்.

சரி, இதைக் கொண்டு பேரண்ட மாதிரிகளைச் சோதிப்பது எப்படி? எந்தக் காலத்தில் அந்த இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பேரண்ட மாதிரியும் முன்கூட்டியே சொல்லும். அளந்து பார்த்துப் பொருந்தாததைத் தள்ளிவிடலாம்.

அரிசோனாவிலுள்ள டெசி கருவி 5,000 ஒளியிழைகளால் வானை ஆராய்ந்து இந்த இடைவெளியை அளக்கிறது. பேரண்ட விரிவை வேகப்படுத்தும் இருள் ஆற்றல் வலுவிழந்து வரலாம் என்று 2025இல் அதன் முடிவுகள் கோடிகாட்டின. இன்னும் உறுதியாகவில்லை.

இன்றிரவு எதிர்மலை விளக்குகளைப் பார்க்கும்போது, அவற்றுக்கு மேலுள்ள வானையும் ஒருமுறை பாருங்கள்.