கிதார் பெருக்கிக்கு மாற்று ஸ்பீக்கர் தெரிவு செய்தல்

மின் கிதாரிலிருந்து வரும் சிறிய மின்குறிகையைப் பெரிதாக்கித் தருவது ஆம்ப்ளிஃபயர் எனப்படும் பெருக்கி. அதை ஒலியாக மாற்றுவது ஸ்பீக்கர். கூம்பு கிழிந்தாலோ, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகினாலோ, வேறு வகை ஒலி வேண்டும் என்றாலோ ஸ்பீக்கரை மாற்ற நேரிடும். அப்போது மின்மறுப்பு, திறன், அளவு, உணர்திறன், ஒலித்தன்மை என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. முதல் இரண்டும் பெருக்கியின், ஸ்பீக்கரின் பாதுகாப்பைப் பற்றியவை. ஒலித்தன்மை விருப்பத்தைப் பொறுத்தது.

பழுதை உறுதி செய்தல்

ஒலி கெட்டுப்போனதற்கு எப்போதும் ஸ்பீக்கரே காரணம் என்று சொல்ல முடியாது. தளர்ந்த இணைப்பு, பழைய வால்வு, பெட்டியில் கழன்ற திருகு ஆகியவையும் இரைச்சல் தரும். மின்மறுப்பு ஒத்த வேறொரு ஸ்பீக்கரை இணைத்துப் பார்ப்பது எளிய சோதனை. பெருக்கியை நிறுத்தி, கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்து மெதுவாக, சமமாக அழுத்தும்போது உரசும் ஓசை கேட்டால் சுருள் நடுநிலை தவறியிருக்கிறது. இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரால் அளக்கும்போது எந்த அளவும் காட்டவில்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது.

மின்மறுப்பு

கிதார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4, 8, 16 ஓம் அளவுகளில் கிடைக்கின்றன. மல்டிமீட்டர் நேர்மின்னோட்டத் தடையை மட்டுமே காட்டும் என்பதால், 8 ஓம் ஸ்பீக்கரில் ஏறத்தாழ 6 முதல் 7 ஓம் வரைதான் தெரியும். அதைப் பார்த்துப் பழுது என்று நினைக்கக் கூடாது.

வால்வு பெருக்கியில் வெளியீட்டு மின்மாற்றி ஒன்று உண்டு. பெருக்கியின் பின்புறம் குறித்துள்ள ஓம் அளவுக்குப் பொருந்தும் ஸ்பீக்கரையே அதனுடன் இணைக்க வேண்டும். ஸ்பீக்கரே இல்லாமல் வால்வு பெருக்கியை இயக்கி வாசித்தால் மின்மாற்றியில் மிகை மின்னழுத்தம் எழும். அதனால் காப்பு உடைந்து மின்மாற்றி கெட்டுப்போகலாம். அதை மாற்றும் செலவு ஸ்பீக்கரின் விலையைத் தாண்டவும் கூடும்.

டிரான்சிஸ்டர் பெருக்கியில் பொதுவாகக் குறைந்தபட்ச ஓம் அளவு குறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் மின்னோட்டம் கூடி, டிரான்சிஸ்டர்கள் சூடேறிக் கெடும். அதற்கு மேலே போனால் ஆபத்து இல்லை, கிடைக்கும் திறன்தான் குறையும். 8 ஓமுக்குப் பதில் 16 ஓம் இணைத்தால் திறன் ஏறத்தாழ பாதியாகும்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர்கள் இருக்கும்போது பள்ளி இயற்பியலில் வரும் கணக்கே இங்கும் பொருந்தும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் பக்க இணைப்பில் 4 ஓம், தொடர் இணைப்பில் 16 ஓம். நான்கு 16 ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரு இணைகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் மீண்டும் 16 ஓம். 8 ஓமையும் 16 ஓமையும் பக்க இணைப்பில் கலந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் மூன்றில் இரண்டு பங்கு திறனை ஏற்கும். எனவே ஒரே பெட்டியில் ஒரே ஓம் அளவை வைப்பதே முறை.

திறன்

ஸ்பீக்கரின் மேல் எழுதியுள்ள வாட், அது தாங்கக்கூடிய திறனைக் குறிக்கும். அது எவ்வளவு சத்தம் தரும் என்பதை அந்த எண் சொல்லாது. கிதார் பெருக்கியை முழு அளவில் திருகி ஒலியை உடைய வைக்கும்போது, அலையின் உச்சி வெட்டப்பட்டுச் சதுர அலையை நெருங்கும். அதே உச்சி உயரமுள்ள சைன் அலையைவிடச் சதுர அலையின் திறன் இரு மடங்கு. ஆகவே பெருக்கியின் வாட் அளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தாங்கும் ஸ்பீக்கரைத் தேர்வது பாதுகாப்பானது. பல ஸ்பீக்கர்கள் ஒரே வகையாக இருந்தால் அவற்றின் வாட் அளவுகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

உணர்திறன்

ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளக்கும் ஒலியளவு உணர்திறன் ஆகும். இது டெசிபெல்லில் குறிக்கப்படுகிறது. 3 டெசிபெல் கூடினால் பெருக்கியின் திறனை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். செலெஸ்டியன் நிறுவனத்தின் ‘புளூ’ 15 வாட் மட்டுமே தாங்கும். ஆனால் அதன் உணர்திறன் 100 டெசிபெல். 97 டெசிபெல் உள்ள 65 வாட் ஸ்பீக்கருக்கு அதே சத்தம் தர இரு மடங்கு திறன் தேவை. வீட்டில் மெதுவாக வாசிப்பவருக்குக் குறைந்த உணர்திறனே வசதி. மேடையில் முரசுக்கு ஈடுகொடுக்க வேண்டியவருக்கு அதிக உணர்திறன் உதவும்.

அளவும் வகையும்

8, 10, 12 அங்குல ஸ்பீக்கர்கள் பரவலாக உள்ளன. விட்டத்துடன் திருகுத் துளைகளின் இடைவெளியையும், காந்தத்தின் ஆழத்தையும் அளக்க வேண்டும். பெரிய காந்தம் மின்மாற்றியிலோ வால்விலோ இடிக்கக் கூடாது.

கிதார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 75 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையே நன்கு ஒலிக்கும். கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தியின் அதிர்வெண் 82 ஹெர்ட்ஸ் என்பதால் அடிப்பக்கத்தில் இது போதும். உயர் அதிர்வெண்கள் குறைவதால்தான் உடைந்த ஒலி காதைக் கீறாமல் இருக்கிறது. வீட்டு இசைக்கருவியின் ஸ்பீக்கரைப் பொருத்தினால் அதே ஒலி கரகரக்கும். அதுபோல, 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பேஸ் கிதாருக்குக் கிதார் ஸ்பீக்கர் ஏற்றதன்று.

காந்தங்களில் அல்னிகோ, ஃபெரைட், நியோடிமியம் என மூன்று வகை உண்டு. அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம். இது விலை கூடியது. நியோடிமியம் எடை குறைந்தது. எனினும் காந்தத்தின் பெயரை மட்டும் கொண்டு ஒலியை முடிவு செய்ய இயலாது. கூம்பின் தடிமன், சுருளின் விட்டம், பெட்டியின் பின்புறம் திறந்ததா மூடியதா என்பனவும் ஒலியை மாற்றும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட் வால்வு பெருக்கி. இதில் 8 ஓம், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று உண்டு. செலெஸ்டியன் கிரீன்பேக் 25 வாட் தாங்கும். எண்ணளவில் இது போதுமெனத் தோன்றினாலும், முழு அளவில் நெடுநேரம் வாசித்தால் எல்லை மீறப்படும். 60 வாட் தாங்கும் ‘விண்டேஜ் 30’ பாதுகாப்பானது. அதன் உணர்திறன் 100 டெசிபெல் என்பதால் சத்தமும் கூடும். இரண்டும் 8, 16 ஓம் ஆகிய இரு வடிவங்களில் விற்கப்படுகின்றன. இந்தப் பெருக்கிக்கு 8 ஓம் வடிவமே வேண்டும்.

பொருத்தும் முறை

மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் வால்வு பெருக்கியின் மின்தேக்கிகளில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும். அது உயிருக்கு ஆபத்தானது. பெரும்பாலான பெருக்கிகளில் உட்பெட்டியைத் திறக்காமலே ஸ்பீக்கரை மாற்றலாம். திறக்க வேண்டியிருந்தால் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரிடம் விடுவதே தகும்.

பழைய கம்பிகளின் நேர், எதிர் முனைகளைக் குறித்துக்கொண்டு கழற்ற வேண்டும். புதியதில் முனை தெரியாவிட்டால் 1.5 வோல்ட் மின்கலத்தை ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். கூம்பு முன்னே நகர்ந்தால் மின்கலத்தின் நேர்முனை தொட்டதே ஸ்பீக்கரின் நேர்முனை. இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தால் இது மிக முக்கியம். ஒன்று மாறி இணைந்தால் ஒன்றன் ஒலியை மற்றொன்று அழித்து, அடித்தொனி மெலியும். திருகுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் சட்டகம் வளைந்து சுருள் உரசும். தனிப் பெட்டியைப் பெருக்கியுடன் இணைக்கக் கிதார் கம்பியைப் பயன்படுத்தக் கூடாது. அதன் உட்கம்பி மெல்லியது. ஸ்பீக்கருக்கென உள்ள தடித்த கம்பியே வேண்டும்.

புதிய ஸ்பீக்கரின் ஒலி முதலில் சற்று விறைப்பாக இருக்கும். சில மணி நேரம் வாசித்தபின் கூம்பின் விளிம்பு இளகி ஒலி மென்மையாகும். அதுவரை பொறுத்திருந்து, பிறகு ஒலியை மதிப்பிடுவது நல்லது.