எது நிறையத் தூக்கும்? எது நமக்குத் தாங்கும்?



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நண்பர்கள் கேட்டதும் கவிதை எழுதிப் பார்த்தேன். வரவில்லை. ஆகவே, எங்கள் வீட்டில் இப்போது தினமும் பேச்சாக இருக்கிற ஒரு விஷயத்தையே எழுதுகிறேன். அதுதான் மருந்தடிக்கும் டிரோன்.

எங்க ஊர் கமுதிப் பக்கம் அபிராமம். வானம் பார்த்த பூமி. நெல், பருத்தி, மிளகாய் போடுவார்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் எங்கள் மாவட்டத்துச் சரக்குதான். அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது; அடுத்தவர் வயலில் மருந்தடிக்கிற கூலி. ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்றால், 16 லிட்டர் டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு பன்னிரண்டு, பதின்மூன்று நடை. சாயந்திரம் வந்தால் அவர் சட்டையை அம்மா தனியாகத்தான் துவைப்பார்கள். அந்தக் கூலியில்தான் நான் டிப்ளமோ படிக்கிறேன். எங்க வீட்டில் படிக்கிற முதல் ஆள் நான்.

2023 நவம்பரில் மத்திய அரசு 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு டிரோன் வழங்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். அதிலிருந்து அம்மாவின் குழுவிலும் இதே பேச்சு. ஒரு விற்பனையாளர் வந்து, "பெருசா எடுங்கம்மா, நிறையத் தூக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அம்மா நோட்டீசை என்னிடம் நீட்டி, "நீதானப்பா கரண்டு படிக்கிற, பாத்துச் சொல்லு" என்றார்கள். நான் பார்த்துச் சொன்னதுதான் இந்தக் கட்டுரை.

ஆளில்லாமல் பறந்து மருந்தடிப்பது ஒன்றும் நேற்று வந்ததல்ல. ஜப்பானின் யமஹா நிறுவனம் 1987-லேயே 20 கிலோ தூக்கும் ஆளில்லா ஹெலிகாப்டரை இதற்காகச் செய்தது. நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' குழுவும் 2020 கொரோனா காலத்தில் டிரோன் மூலம் கிருமிநாசினி தெளித்தது. சரி, நாம் எதைப் பார்த்து வாங்குவது?

1. மொத்த எடை

2021 டிரோன் விதிகள் எடையை வைத்துத்தான் வகை பிரிக்கின்றன. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை 'சிறியது'. அதற்கு மேல் 150 கிலோ வரை 'நடுத்தரம்'. இது வெறும் டிரோனின் எடை அல்ல. பேட்டரி, மருந்து எல்லாம் சேர்த்து. 10 லிட்டர் டிரோன்கள் பல, இந்த 25 கிலோவுக்குள் அடங்கும்படி செய்யப்பட்டவை. பெரிய டேங்குக்குப் போனால் வகையே மாறிவிடலாம். வகை மாறினால் ஓட்டுநர் சான்றிதழும் அந்த வகைக்கு வேண்டும்.

2. பேட்டரி

நாம் படித்த கணக்குதான். 22.2 வோல்ட், 22 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டைத் தொடர் இணைப்பில் வைத்தால் சுமார் 977 வாட் ஹவர். முழுதும் வடித்தால் பேட்டரி கெட்டுவிடும். 80 சதவீதம் என்று வைத்தால் 780. மொத்த எடை 24 கிலோ. ஒரு வாட்டுக்கு 7 கிராம் தூக்குகிறது என்றால், நின்று பறக்கவே 3,400 வாட் வேண்டும். ஆக, முழுச் சுமையோடு 13, 14 நிமிஷம்தான்! மருந்து குறையக் குறைய இந்த நேரம் கொஞ்சம் கூடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அதே டிரோனில் எடை இரண்டு மடங்கானால் மின்சாரம் இரண்டு மடங்கு ஆகாது, ஏறத்தாழ 2.8 மடங்கு ஆகும். வெயிலும் சேர்ந்துகொள்ளும். 15 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. நம்ம ஊர் வெயிலை நான் சொல்லவா வேண்டும்?

சார்ஜ் ஏற்றுவதையும் பாருங்கள். 780 வாட் ஹவரை அரை மணியில் ஏற்ற 1,560 வாட் வேண்டும். வீட்டு 5 ஆம்பியர் பிளக்கில் 1,150 வாட்தான் கிடைக்கும். ஆக, ஜெனரேட்டரும் மாற்றுப் பேட்டரிகளும் டிரோனோடு சேர்ந்த செலவு. நோட்டீசில் அது இல்லை.

3. நாலு கையா, ஆறு கையா?

நாலு மோட்டாரில் ஒன்று நின்றால், பெரும்பாலும் கவிழ்ந்து விழும். ஆறில் ஒன்று நின்றால் அதற்கு எதிர் மோட்டாரைத் தணித்து, மீதி நாலில் இறக்க வழி உண்டு. ஒவ்வொன்றும் 8 கிலோ இழுத்தால் நாலும் சேர்ந்து 32; எடை 24. தப்பித்தோம்! கடனில் வாங்குகிற குழுவுக்கு இது சின்ன விஷயமா?

4. நம்ம வயல்

எங்க பக்கம் துண்டு துண்டான வயல்கள், ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். பெரிய டிரோன் திரும்புவதற்குள் வயலே முடிந்துவிடும். உதிரிப் பாகம் எந்த ஊரில் கிடைக்கும், பழுதானால் எத்தனை நாள் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்க வேண்டும். மிளகாய்க்குப் பூச்சி விழுந்தால் நமக்காக ஒரு வாரம் காத்திருக்காது.

எல்லாம் கூட்டிக் கழித்து, 25 கிலோவுக்குள் அடங்கும் ஆறு கை, 10 லிட்டர் டிரோனே போதும் என்று குழுவில் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும், "அப்ப எனக்கு என்னடா வேலை?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. டிரோன் ஏக்கருக்கு 10 லிட்டரில் முடித்துவிடும். அப்பாவின் முதுகுக்கும் மூச்சுக்கும் அது நல்லது. கூலிக்கு? டிரோன் ஓட்டும் சான்றிதழுக்கு 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டும். அப்பா படித்தது அஞ்சாவது. எந்தக் காற்றில் மருந்து பக்கத்து வயலுக்குப் போகும், எந்த இலைக்குக் கீழே பூச்சி இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. விதிக்கு அது கணக்கில்லை.

மறுநாள் குழுவில் இன்னொன்றும் சொன்னேன். 200 லிட்டரில் கலக்கிய மருந்தை 10 லிட்டரில் கலக்கும்போது கரைசல் கடுமையாகிறது. கையுறை, முகமூடியோடு அதைக் கலக்கவும், காற்றைப் பார்த்து "இப்ப வேணாம்" என்று நிறுத்தவும் விவரம் தெரிந்த ஆள் வேண்டும். அந்த இடத்தில் மருந்தடித்துப் பழகியவர்களையே சம்பளத்துக்கு வையுங்கள் என்றேன். எல்லாருக்கும் அதில் வேலை கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். டிரோன் வெளியூர் முதலாளியிடம் இருந்தால் இதைக் கேட்கவே ஆள் இருக்காது. குழுவிடம் இருந்தால் கேட்கவாவது முடியும்.

குழு இன்னும் முடிவெடுக்கவில்லை. எனக்கு இந்த வருஷம் 18 முடிந்துவிட்டது. பயிற்சிக்கு மனுப் போடப் போகிறேன். நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு நோட்டீஸ் வரும். 'எத்தனை கிலோ தூக்கும்' என்பதோடு நிறுத்தாமல், யார் தலையில் அது இறங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். படித்தவர்கள் நாம்தானே!



— மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவன், அபிராமம்