ஆடுவது இருவர், ஆடையும் இருவருக்காக!

1935-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஹாலிவுட் நகரில் ஒரு படப்பிடிப்பு. படத்தின் பெயர் "டாப் ஹாட்".

கதாநாயகன் பிரெட் ஆஸ்டேர். கதாநாயகி ஜிஞ்சர் ராஜர்ஸ். ஜோடியாக ஆடுவதில் உலகப் புகழ் பெற்றவர்கள் இவர்கள்.

அன்று ஜிஞ்சர் ஒரு புது உடையில் வந்து நின்றார். நீல நிற உடை. அதில் எங்கு பார்த்தாலும் நெருப்புக்கோழி இறகுகள்! ஒத்திகை நாட்களில் அந்த உடை தைத்து முடிந்திருக்கவில்லை. படம் எடுக்கும் நேரத்தில்தான் வந்து சேர்ந்தது.

இசை தொடங்கியது. ஆஸ்டேர் அவர் கையைப் பற்றிச் சுழற்றினார்.

அவ்வளவுதான்!

இறகுகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. ஆஸ்டேரின் கண்ணில் விழுந்தன. மூக்கில் ஏறின. அவருடைய கறுப்புக் கோட்டில் ஒட்டிக்கொண்டன. ஆட்டம் நின்றது. இருவருக்கும் மனத்தாங்கல் வந்துவிட்டது.

பிறகு தையல்காரர்கள் உட்கார்ந்து இறகுகளை இறுக்கித் தைத்தார்கள். படம் எடுத்து முடிந்தது. ஆனாலும் இன்றைக்கும் அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள். ஆட்டத்தின் நடுவே இரண்டொரு இறகு மிதந்து விழுவது தெரியும்!

அந்த உடையில் என்ன குறை? அழகில் குறை இல்லை. தைத்ததில்கூடப் பெரிய குறை இல்லை. தனியாக நின்றால் பார்ப்பவர்கள் மெச்சுவார்கள். ஆனால் அதை உடுத்தியவர் தனியாக நிற்கவில்லையே!

ஜோடி நடனத்துக்குத் துணி எடுப்பவர்கள் முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். உடுத்துகிறவர் ஒருவர். அந்த உடையோடு ஆடுகிறவர்கள் இருவர்.

ஏழு விநாடிப் பார்வை

இங்கிலாந்தின் வடமேற்கே, கடற்கரையில் பிளாக்பூல் என்று ஓர் ஊர். அங்கே எம்ப்ரஸ் மண்டபம் என்ற பெரிய நடன மண்டபம் இருக்கிறது. கட்டிய ஆண்டு 1896.

1920-ம் ஆண்டில் அங்கே நடன விழா தொடங்கியது. இன்றும் நடந்து வருகிறது. ஜோடி நடனம் ஆடுகிறவர்களுக்கு பிளாக்பூலில் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

போட்டி நடனங்களில் இரண்டு வகை உண்டு. வால்ஸ், டாங்கோ, வியன்னா வால்ஸ், பாக்ஸ்டிராட், குவிக்ஸ்டெப் ஆகிய ஐந்தும் ஒரு வகை. இவற்றில் ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பிடித்தபடியே மண்டபத்தைச் சுற்றி வருவார்கள்.

சம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் ஆகிய ஐந்தும் மற்றொரு வகை. இதற்கு லத்தீன் நடனம் என்று பெயர். இதில் இருவரும் விலகுவார்கள், சேருவார்கள், சுழலுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தரையில் ஒரே சமயத்தில் 12 ஜோடிகள் ஆடுகின்றன. பாட்டு ஒன்றரை நிமிடம். அதாவது 90 விநாடி. நடுவர் எல்லா ஜோடிகளையும் பார்த்தாக வேண்டும். ஒரு ஜோடிக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? ஏழரை விநாடி!

அந்த ஏழரை விநாடியில் பாவாடை காலைத் தடுக்கினால்? கோட்டு தூக்கிக்கொண்டு நின்றால்? பல மாதங்கள் செய்த பயிற்சி வீண்தானே!

கையைத் தூக்கித் தைக்கும் கோட்டு

"ஆண்களுக்கு என்ன! ஒரு கோட்டை மாட்டிக்கொண்டால் போதும்" என்று சொல்லுவீர்கள்.

உங்கள் வீட்டில் கல்யாணக் கோட்டு இருக்கிறதா? அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். இரண்டு கைகளையும் தோள் மட்டத்துக்குத் தூக்குங்கள்.

என்ன ஆயிற்று? தோள்பட்டை காதுவரை ஏறிவிட்டது. கழுத்தைக் காணோம்!

வால்ஸ் ஆடுகிறவர் பாட்டு முடியும்வரை கையை அப்படித்தான் வைத்திருக்க வேண்டும். ஆகையால் நடனக் கோட்டு தைப்பதே தனி வித்தை. ஆடுகிறவரைக் கையைத் தூக்கி நிற்கச் சொல்லி அளவு பார்ப்பார்கள். கையைத் தொங்கவிட்டால் கோட்டு சற்றுக் கோணலாகத் தெரியலாம். கையைத் தூக்கினாலோ தோள் கோடு போட்டது போல நேராக நிற்கும்.

பின்னால் வால் தொங்கும் கறுப்புக் கோட்டு. அல்லது நள்ளிரவு வானம் போன்ற கருநீலக் கோட்டு. உள்ளே வெள்ளைச் சட்டை. அதன் மேல் கையில்லாத வெள்ளை மேல்சட்டை. கழுத்தில் வெள்ளை டை. முதுகில் போட்டி நம்பர். பெரிய போட்டிகளில் இதுதான் ஆண்களின் உடை.

இதில் அழகு மட்டும் இல்லை. பெண்ணின் இடது கை ஆணின் வலது கைமேல் படிந்திருக்கும். கோட்டு பிடித்து இழுத்தால் ஆணின் கை இறங்கும். அவர் கை இறங்கினால் பெண் தடுமாறுவார். அவருடைய தையல் சரியில்லை என்றால் கஷ்டம் இவருக்கு!

தரையில் புரளக் கூடாது

இனி, பெண்கள் உடை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்நாட்டுப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டி, நீண்ட பாவாடை அணிந்தார்கள். 1910-க்குப் பிறகு வெர்னான் காசில், ஐரீன் காசில் என்ற தம்பதிகள் அமெரிக்காவில் ஜோடி நடனத்தைப் பரப்பினார்கள். ஐரீன் லேசான, தளர்ந்த உடைகளை அணிந்து ஆடினார். கால் தாராளமாக நகர்ந்தது. அதைப் பார்த்து மற்றப் பெண்களும் அப்படியே உடுத்தத் தொடங்கினார்கள்.

வால்ஸ் ஆடும்போது ஆண் காலை முன்னே வைக்கிறார். பெண் காலைப் பின்னே வைக்கிறார். பாவாடை குறுகலாக இருந்தால் பெண்ணின் கால் பின்னே போகாது. ஆணின் கால் அதில் போய் முட்டும். ஆகையால் இடுப்பில் ஒட்டி, கீழே போகப் போக விரிய வேண்டும்.

நீளம் எவ்வளவு? கணுக்கால் அளவு போதும். தரையில் புரண்டால் ஆபத்து. பின்னால் வைக்கும் காலின் குதி பாவாடை ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். இருவரும் சேர்ந்து விழ வேண்டியதுதான்!

1950, 1960 வாக்கில் வலைத் துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்தார்கள். பாவாடை குடைபோல நின்றது. பின்னால் அது மாறியது. இப்போது ஷிபான் போன்ற மெல்லிய துணிதான் அதிகம். ஆடும்போது விரியும், நின்றால் அடங்கும்.

முதுகுப் பக்கத்தையும் மறக்கக் கூடாது. ஆணின் வலது கை அங்கேதான் இருக்கும். அந்த இடத்தில் கண்ணாடிக் கற்களைத் தைத்தால் அவர் உள்ளங்கையைக் கீறிவிடும். வழவழப்பான துணி என்றாலோ கை வழுக்கும்.

சட்டை வெளியே வராத ரகசியம்

லத்தீன் நடனத்தில் இடுப்பும் காலும் அசைவது தெரிய வேண்டும். ஆகையால் பாவாடை குட்டையாக இருக்கும். ஓரத்தில் நூல் குஞ்சங்கள் தொங்கும். லேசாக அசைந்தாலும் குஞ்சம் அதைப் பெரிதாகக் காட்டும்.

இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் துணி இதற்கு வேண்டும். 1958-ம் ஆண்டு அமெரிக்காவில் டுபாண்ட் கம்பெனியில் லைக்ரா என்ற நூலைக் கண்டுபிடித்தார்கள். அது நடனக்காரர்களுக்குப் பெரிய உதவியாகிவிட்டது.

இதில் ஒரு ரகசியமும் உண்டு. பெண்ணின் உடைக்குள்ளேயே நீச்சல் உடை போன்ற ஓர் உள்ளாடையைச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். எவ்வளவு சுழன்றாலும் உடை மேலே ஏறாது. ஆண்கள் சட்டையையும் அப்படியே உள்ளாடையோடு சேர்த்துத் தைப்பது உண்டு. கையை எவ்வளவு தூக்கினாலும் சட்டை கால்சட்டையை விட்டு வெளியே வராது!

ரத்தம் கசிந்த பாதம்

உடையைவிட முக்கியம் காலணி.

1936-ம் ஆண்டில் "ஸ்விங் டைம்" படத்துக்காக ஒரு நடனக் காட்சியை 47 தடவை எடுத்தார்கள். ஆடி ஆடி ஜிஞ்சரின் பாதத்தில் ரத்தம் கசிந்துவிட்டது.

நடனக் காலணியின் அடிப்பாகம் ரப்பர் அல்ல. மெருகு போடாத மென்மையான தோல். ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. முழங்கால் சுளுக்கிக்கொள்ளும். வழவழப்பான தோலோ வழுக்கிவிடும். மெருகில்லாத தோல் வேண்டிய அளவுக்குப் பிடிக்கும். வேண்டிய அளவுக்கு விடும்.

அந்தத் தோலில் அழுக்கு ஏறினால் அதுவும் வழுக்கத் தொடங்கும். அதற்காகக் கம்பி பிரஷ் வைத்துத் தேய்ப்பார்கள். இந்தக் காலணியோடு தெருவில் நடக்க மாட்டார்கள். பையில் எடுத்துப்போய், மண்டபத்தில்தான் போட்டுக்கொள்வார்கள்.

அம்மா தைத்த ஜமிக்கி

இவ்வளவுக்கும் பணம் வேண்டுமே!

ஆஸ்திரியா நாட்டில் வாட்டென்ஸ் என்ற ஊரில் 1895-ம் ஆண்டு ஸ்வரோவ்ஸ்கி கம்பெனி தொடங்கியது. அவர்கள் பட்டை தீட்டும் கண்ணாடிக் கற்கள் விளக்கு வெளிச்சத்தில் வைரம்போல ஜொலிக்கும். போட்டி உடைகளில் ஆயிரக்கணக்கில் ஒட்டுவார்கள். விலை மலைக்க வைக்கும்.

ஆனால் ஒரு காலத்தில் இந்த வேலை வீட்டுத் திண்ணையில் செய்யும் பூ வேலை மாதிரிதான் நடந்தது. இங்கிலாந்தில் பி.பி.சி. டெலிவிஷனில் "கம் டான்சிங்" என்ற நிகழ்ச்சி 1950 முதல் பல ஆண்டுகள் நடந்தது. கடைகளிலும் ஆபீசுகளிலும் வேலை பார்க்கிற சாதாரண மக்கள் அதில் வந்து ஆடினார்கள். ஒரு பெண் ஆட வரும்போது, அவள் உடையில் எத்தனை ஆயிரம் ஜமிக்கிகள் என்று அறிவிப்பாளர் சொல்லுவார். தைத்தது யார்? பெரும்பாலும் அவள் அம்மா!

மகளின் இரண்டு நிமிட ஆட்டத்துக்காகத் தாய் பல இரவுகள் ஊசி பிடித்தாள். ஜமிக்கி ஜொலித்தது. அதைத் தைத்த விரல்களை யாரும் பார்க்கவில்லை.

இன்று பணம் இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவர் ஆடிய உடையை மற்றொருவர் பாதி விலைக்கு வாங்குகிறார். சிலர் வாடகைக்கு எடுக்கிறார்கள். அதில் வெட்கம் இல்லை. சாம்பியன்கள் கூடத் தங்கள் பழைய உடைகளை விற்கிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. உலக நடன விளையாட்டுச் சம்மேளனம் போட்டது. 12 வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியர் கல் பதித்த உடை அணியக் கூடாது. முகத்துக்குப் பூச்சு கூடாது. சிறுமிகளின் காலணிக் குதி மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சிறுவனுக்கு வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை போதும்.

இதன் பலன் என்ன? பணக்கார வீட்டுக் குழந்தையும் ஏழை வீட்டுக் குழந்தையும் ஒன்றுபோல வந்து நிற்கும். நடுவர் உடையைப் பார்க்க முடியாது. ஆட்டத்தைத்தான் பார்த்தாக வேண்டும்!

போட்டி இல்லாத ஆட்டம்

எல்லாரும் பரிசுக்காக ஆடுவதில்லை. வாரக் கடைசியில் பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்குச் சட்டம் எதுவும் இல்லை. மரியாதை உண்டு.

வியர்த்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு சட்டை எடுத்துப் போக வேண்டும். கைக்குட்டை அவசியம். கூரான மோதிரம், தடித்த கைக்கடிகாரம், நீண்ட சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைப்பது நல்லது. அவை அடுத்தவர் தலைமுடியில் சிக்கும்; கன்னத்தில் இடிக்கும். சென்ட்டை அள்ளித் தெளிக்கக் கூடாது. அருகில் நிற்பவருக்கு மூச்சுத் திணறும்.

உடை வாங்குமுன் நான்கு சோதனை செய்யுங்கள்.

கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். அக்குளில் இழுக்கிறதா?

ஒரு காலை நீட்டிப் பின்னால் வையுங்கள். பாவாடை தடுக்கிறதா?

மூன்று தடவை வேகமாகச் சுழலுங்கள். ஏதாவது பறக்கிறதா?

கடைசியாக, உங்களோடு ஆடுகிறவரைக் கூப்பிட்டு, ஒரு பாட்டு முழுவதும் ஆடிப் பாருங்கள். அவர் முகம் சுளிக்கிறாரா?

நான்காவது சோதனைதான் முக்கியம். ஜிஞ்சர் ராஜர்ஸ் தவறவிட்டதும் அதுதான். 1936-ம் ஆண்டில் மற்றொரு படத்தில் அவர் மணிகள் கோத்த கனமான கைகள் உள்ள உடை அணிந்தார். சுழன்றபோது அந்தக் கை வீசி வந்து ஆஸ்டேரின் முகத்தில் அறைந்தது! வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடினார் அவர். எத்தனையோ தடவை திரும்ப எடுத்தார்கள். கடைசியில் அந்த முதல் தடவை எடுத்ததுதான் படத்தில் வந்தது.

தங்க இறகு

அது சரி, இறகு பறந்த சண்டை எப்படி முடிந்தது?

சில நாட்களுக்குப் பிறகு ஜிஞ்சருக்கு ஒரு சிறு பரிசு வந்தது. அனுப்பியவர் ஆஸ்டேர். திறந்து பார்த்தார். உள்ளே கை வளையலில் கோத்துக்கொள்ள ஒரு குட்டித் தங்க இறகு!

கோபம் போயிற்று. அதற்குப் பிறகு ஜிஞ்சருக்கு "இறகுகள்" என்று செல்லப் பெயரே வந்துவிட்டது. இருவரும் மேலும் பல படங்களில் சேர்ந்து ஆடினார்கள்.

கையில் கை கோத்து ஆடுகிறவர்கள் ஒருவர் தவறை ஒருவர் பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் உடை எடுக்கும்போதே அடுத்தவரையும் நினைத்துக்கொண்டால், பொறுக்க வேண்டிய வேலையே வராது அல்லவா?