ஒலி ஒன்று, பொருள் வேறு: மலேசிய ரயிலில் ஒரு குடும்பப் பயணம்

வெளிநாட்டுக்குப் புறப்படும்போது, ‘அந்த ஊர்ப் பேச்சு தெரியாதே’ என்னும் அச்சம் நம் பெண்மணிகளுக்கும் முதியோருக்கும் எழுவது இயல்பு. மலேசியா என்றால் அந்த அச்சம் குறைந்துவிடுகிறது. தமிழ் பேசுவோர் பலர் வாழும் நாடு. பள்ளிவாசல்களுக்கும் ஹலால் உணவுக்கும் அங்கே குறைவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முற்றிலும் தெரியாத சொல்லைக் கேட்டால் நாம் நின்று விசாரிக்கிறோம். தெரிந்த சொல்லைப் போல் ஒலிக்கும் அயற்சொல்லைக் கேட்டாலோ விசாரிக்காமலே நடந்துவிடுகிறோம். 2024 மே விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரை குடும்பத்தோடு ரயிலில் சென்றபோது நாங்கள் கண்ட உண்மை இது.

தீவண்டி

மலாய் மொழியில் ரயிலுக்குக் ‘கெரெத்தா அப்பி’ என்று பெயர். கெரெத்தா என்றால் வண்டி. அப்பி என்றால் நெருப்பு. நாம் புகையைக் கண்டு புகைவண்டி என்றோம். அவர்கள் நெருப்பைக் கண்டு தீவண்டி என்றார்கள். அங்கே முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1 அன்று, தைப்பிங் நகருக்கும் போர்ட் வெல்டு துறைமுகத்துக்கும் இடையே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்தில் திறக்கப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். இன்று நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. பினாங்குத் தீவின் எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்கு மின்சார ரயில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளையும், புக்கிட் மேரா ஏரியின் குறுக்கே வண்டி செல்லும் காட்சியையும் பிள்ளைகள் சன்னலை விட்டு நகராமல் பார்த்தார்கள்.

‘காக்கா எங்கே?’

ரயில் ஏறுமுன் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தில் ஒரு சோதனை நேர்ந்தது. மூத்த மகன் தண்ணீர் வாங்கச் சென்றான். அவன் பின்னால் ஓடிய ஆறு வயது மகள் கூட்டத்தில் பிரிந்துவிட்டாள். ‘காக்கா, காக்கா’ என்று அழுதவளை மலாய்ப் பெண்கள் இருவர் அரவணைத்துக்கொண்டார்கள்.

எங்கள் பகுதியில் மூத்த சகோதரனைக் காக்கா என்போம். மலாயிலோ ‘காகாக்’ என்றால் மூத்த சகோதரி. கடைசி மெய்யை விழுங்கி ஒலிப்பதால் அது நம் காக்காவைப் போலவே கேட்கும். குழந்தை அக்காவைத் தேடுகிறாள் என்றெண்ணி, அவ்விருவரும் எதிர்ப்பட்ட இளம்பெண்களையெல்லாம் நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். அருகிலிருந்த கடை வாசலில் தண்ணீர்ப் புட்டியோடு நின்ற பையனை அவர்கள் பொருட்படுத்தவில்லை. பத்து நிமிடங்கள் கழித்து, தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் வந்த பிறகே குழப்பம் தீர்ந்தது. ‘காகாக் அல்ல, அபாங்!’ என்று அப்பெண்கள் சிரித்தபடி மகளின் கண்ணீரைத் துடைத்தார்கள். அண்ணனுக்கு அங்கே ‘அபாங்’ என்று பெயர்.

நன்றியா, நந்தியா?

என் உம்மா நீரிழிவு நோயாளி. நிலையத் தேநீர்க் கடையில் அவர் ஒரு கோப்பையை எடுக்கக் கை நீட்டியபோது, கடைக்காரப் பெண் ‘நந்தி, நந்தி’ என்றார். ‘நன்றி நாங்களல்லவா சொல்ல வேண்டும்!’ என்று மகிழ்ந்தபடி உம்மா கோப்பையை எடுத்துப் பருகினார். ஒரு மிடறிலேயே இனிப்பு தெரிந்துவிட்டது. அது வேறொருவருக்காகக் கலந்த தேநீர். ‘நந்தி’ என்றால் ‘பிறகு’, ‘பொறுங்கள்’ என்று பொருள்.

சர்க்கரை நோயுள்ளோர் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அங்கே வெறுமனே ‘தே’ என்று கேட்டால் இனிப்பூட்டிய கெட்டிப்பால் சேர்த்த தேநீர் வரும். ‘தே ஓ’ என்றால் பால் மட்டுமே இராது, சர்க்கரை இருக்கும். ‘தே ஓ கோசோங்’ என்று சொன்னால்தான் இரண்டும் இல்லாமல் கிடைக்கும். கோசோங் என்றால் வெறுமை.

வேறு சில மயக்கங்கள் சிரிப்பூட்டுபவை. கடைக் கதவில் ‘தாரிக்’ என்று எழுதியிருந்ததைக் கண்ட மகன், ‘தே தாரிக்’ அங்கே கிடைக்கும் என்று நம்பிவிட்டான். தாரிக் என்றால் இழு. ஆற்றி இழுக்கும் தேநீருக்கும் அதே சொல்தான். ‘மாரி’ என்று அழைத்தால் வண்டி மாற வேண்டியதில்லை. ‘வா’ என்பதே பொருள்.

கப்பலேறிய சொற்கள்

ஏமாற்றும் சொற்கள் உண்டு என்பதற்காகத் தயங்க வேண்டாம். கைகொடுக்கும் சொற்கள் அவற்றினும் அதிகம். கடை அங்கே ‘கெடாய்’, கப்பல் ‘காப்பால்’, பெட்டி ‘பெத்தி’. நம் வணிகர்கள் சரக்கோடு கொண்டுபோன சொற்கள் இவை. தமிழ் முஸ்லிம் உணவுக் கடைகளை ‘மாமாக்’ என்பது நம் ‘மாமா’விலிருந்து வந்ததே. அகத், இஸ்னின், செலாசா, ராபு, கமிஸ், ஜும்மாத், சப்து என்னும் கிழமைப் பெயர்கள் ஏழும் அரபு வழி வந்தவை. மதரஸாவில் படித்த பிள்ளைகள் பயணச்சீட்டின் கிழமையைத் தாங்களே படித்துவிடுவார்கள். ரயில் நிலையங்களில் ‘சுராவ்’ என்ற பலகையைக் கண்டால் அது தொழுமிடம்.

குடும்பத்தோடு செல்வோர்க்கு மூன்று யோசனைகள். பெற்றோரின் முழுப்பெயரையும் தொலைபேசி எண்ணையும் சிறு பிள்ளைகளின் சட்டைப் பையில் எழுதி வையுங்கள். உறவுமுறைச் சொற்களையும் நோய்க்குரிய உணவுச் சொற்களையும் புறப்படுமுன் கற்பித்துவிடுங்கள். தெரிந்த சொல்லாகவே தோன்றினாலும் ஒருமுறை கேட்டுத் தெளியுங்கள். ‘மாஃப்’ என்று தொடங்கிக் கேட்டால் முகம் சுளிப்போரை நாங்கள் காணவில்லை. மன்னிப்புக் கேட்கும் அச்சொல்லும் அரபியிலிருந்து சென்றதுதான். இன்ஷா அல்லாஹ், உங்கள் பயணம் இனிதாக அமையும்.